பயிற்சி ஏட்டில் ஒரு வாழ்க்கை: புரூஸ் லீ

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் புரூஸ் லீயின் பெயரை அறியாத வீடு இல்லை எனலாம். எங்கள் தோட்டத்து லயங்களில் சாமி படத்துக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். படம், எம்.ஜி.ஆர். படத்துக்குப் பக்கத்தில் சட்டை அணியாத இந்தச் சீன இளைஞரின் படம் என்று வரிசையாக ஒட்டி வைத்திருந்த வீடுகள் உண்டு. அவர் இறந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் திடலில் இரண்டு பையன்கள் கையை மடக்கி நின்றால் அவர்கள் வாயிலிருந்து வருவது அவருடைய கூச்சல்தான்.

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்து, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன். தண்டாலும் பஸ்கியும் சிலம்பத்தின் முதற்காலடிகளும் பால்மரம் வெட்டிய என் தாத்தாவிடம் கற்றவை. கையுறை மாட்டிக் குத்தக் கற்றது இடைநிலைப்பள்ளிப் பருவத்தில், ஒரு சீனப் பயிற்றுநரிடம். சீலாட் பழகிய மலாய் நண்பர்களோடு மாலை வேளைகளில் ஓடியிருக்கிறேன். இந்த மூன்று உலகங்களுக்கும் பொதுவாக ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் புரூஸ் லீயைத்தான் சொல்வேன். அவருடைய படங்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அவர் எப்படிக் கற்றார், எப்படி உடலை வளர்த்தார் என்பதையே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

ஹாங்காங் சிறுவன்

புரூஸ் லீ 1940 நவம்பர் 27-ஆம் நாள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை லீ ஹோய் சுவென் கந்தோனிய இசை நாடக நடிகர். நாடகக் குழுவோடு அமெரிக்கா சென்றிருந்த வேளையில் பிறந்த பிள்ளை இவர். சில மாதங்களிலேயே குடும்பம் ஹாங்காங் திரும்பியது. அதே 1941-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானியர் ஹாங்காங்கைப் பிடித்தனர். அதே வாரங்களில் மலாயாவும் விழத் தொடங்கியது. நம் தோட்டங்களிலிருந்து பாட்டன்மாரை சயாம் மரண ரயில் பாதைக்கு வாரிக்கொண்டு போன காலமும், புரூஸ் லீயின் குழந்தைப் பருவமும் ஒன்றே.

சிறு வயதில் அவர் நோஞ்சானாக இருந்தார் என்பதும், கிட்டப்பார்வையால் கண்ணாடி அணிந்தார் என்பதும் பலருக்கு வியப்பாக இருக்கும். ஆறு வயதிலிருந்தே திரைப்படங்களில் நடித்தார். பதினெட்டு வயதுக்குள் ஏறத்தாழ இருபது படங்கள். படிப்பில் நாட்டம் இல்லை. தெருச் சண்டைகளில் நாட்டம் மிகுதி. ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, புனித பிரான்சிஸ் சவேரியார் கல்லூரியில் சேர்ந்தார்.

மூன்று ஆசான்கள்

பதின்ம வயதில் அவர் விங் சுன் கலையைக் கற்க இப் மான் என்ற ஆசானிடம் சென்றார். இக்கலையின் அடிப்படை எளிமையானது. மனித உடலின் நடுவே நெற்றியிலிருந்து தொப்புள் வரை ஒரு கோடு இருப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். குத்து அந்தக் கோட்டின் வழியாகவே நேராகச் செல்லும். ஒரு கை திரும்பும்போதே மறு கை அதே பாதையில் புறப்படும். இதைச் சங்கிலிக் குத்து என்பர். வளைந்து வரும் கையைவிட நேராகப் போகும் கைக்குத் தூரம் குறைவு. ஆகவே முதலில் சேரும். இவ்வளவுதான் அதன் கணக்கு. இப் மானின் மூத்த மாணவரான வொங் சுன் லியூங்கும் இவருக்கு நிறையக் கற்றுத் தந்தார்.

இரண்டாவது ஆசான் மேலைக் குத்துச்சண்டை. 1958-இல் ஹாங்காங் பள்ளிகளுக்கிடையே நடந்த குத்துச்சண்டைப் போட்டியில் அவர் முந்தைய வெற்றியாளரைத் தோற்கடித்தார். மூன்றாவது ஆசானைக் கேட்டால் சிரிப்பு வரும். அது நடனம். அதே 1958-இல் ஹாங்காங் சா-சா நடனப் போட்டியில் அவர் முதற்பரிசு பெற்றார். சண்டையில் காலடி எவ்வளவு முக்கியம் என்பதைச் சிலம்பம் பழகியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கம்பைத் தொடுவதற்கு முன் பல நாள் காலடி மட்டும் வைக்கச் சொல்லும் ஆசான்கள் நம்மிடையே இருந்தார்கள். பின்னாளில் புரூஸ் லீயின் கால்களில் தெரிந்த தாளத்துக்கு அந்த நடன மேடையும் ஒரு காரணம்.

யாருக்குக் கற்றுக்கொடுப்பது?

தெருச் சண்டைகளால் கவலையுற்ற பெற்றோர் 1959-இல் அவரைக் கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தனர். சியாட்டல் நகரில் ரூபி சௌ என்ற பெண்மணியின் உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பள்ளிப் படிப்பை முடித்தார். 1961-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நாடகம் படித்தார், தத்துவ வகுப்புகளுக்கும் சென்றார். கையில் காசில்லாத அந்த நாட்களில்தான் குங்ஃபூ கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்.

அவருடைய முதல் மாணவர் ஜெஸ்ஸி குளோவர், கறுப்பினத்தவர். பின்னர் அவருடைய துணைப் பயிற்றுநரான டாக்கி கிமுரா ஜப்பானிய வம்சாவளியினர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசால் முகாமில் அடைக்கப்பட்டவர். ஜப்பானியர் பிடியில் இருந்த ஹாங்காங்கில் வளர்ந்த ஒருவர், ஜப்பானிய வம்சாவளியினரை நெருங்கிய நண்பராக்கித் தம் கலையை ஒப்படைத்தார். அக்காலத்தில் சீனர் அல்லாதாருக்குக் குங்ஃபூ கற்றுக்கொடுப்பதைப் பல ஆசான்கள் விரும்பவில்லை. புரூஸ் லீ வந்தவரின் இனத்தைப் பார்க்கவில்லை. உழைப்பை மட்டும் பார்த்தார்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் சிலம்பம் இந்தியருக்கு, சீலாட் மலாய்க்காரருக்கு, ஊஷூ சீனருக்கு என்று தனித்தனிப் பாத்தி கட்டிக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. பக்கத்துப் பாத்தியை எட்டிப் பார்ப்பவன் தன் கலையை மறந்துவிடுவான் என்ற அச்சமும் இருக்கிறது. புரூஸ் லீயின் வாழ்க்கை அந்த அச்சத்துக்கு நல்ல பதில்.

மூச்சு வாங்கிய சண்டை

1964-இல் அவர் லிண்டாவை மணந்து, கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஜேம்ஸ் லீ என்ற நண்பருடன் சேர்ந்து பயிற்சிப் பள்ளி நடத்தினார். ஜேம்ஸ் லீ இரும்பு ஒட்டும் வெல்டிங் தொழிலாளி, பளுதூக்குவதில் தேர்ந்தவர். அவ்வாண்டு ஆகஸ்டில் லாங் பீச்சில் நடந்த கராத்தே போட்டியில் புரூஸ் லீ இரண்டு விரல்களில் தண்டால் எடுத்தும், ஓர் அங்குல இடைவெளியிலிருந்து குத்தியும் காட்டி எல்லாரையும் வியக்கவைத்தார்.

ஆனால், அவரை மாற்றியது அந்தக் கைதட்டல் அன்று. அவ்வாண்டின் இறுதியில் வொங் ஜாக் மேன் என்ற குங்ஃபூ வீரருக்கும் அவருக்கும் மூடிய கதவுக்குள் ஒரு சண்டை நடந்தது. ஏன் நடந்தது, யார் வென்றார் என்பதில் இரு தரப்பும் வேறுவேறாகச் சொல்கின்றன. ஒன்றில் மட்டும் ஐயமில்லை. புரூஸ் லீக்குத் தம் மீதே நிறைவில்லை. சில நிமிடங்களில் மூச்சு வாங்கியது. எதிராளி பின்வாங்கி ஓடியபோது சங்கிலிக் குத்து துரத்திப் பிடிக்கவில்லை. கற்ற கலை ஓரிடத்தில் நின்றுவிட்டதையும், உடல் அதற்கும் முன்பே நின்றுவிட்டதையும் அவர் அன்று கண்டுகொண்டார்.

சாதாரணமானவர் என்றால் ஊர் கூட்டி வெற்றிக் கதை சொல்லியிருப்பார். இவர் ஏட்டை எடுத்து எழுத உட்கார்ந்தார். 1965-ஆம் ஆண்டைச் சேர்ந்த அவருடைய பயிற்சி அட்டை இன்றும் கிடைக்கிறது. தோளில் 95 பவுண்டு இரும்பு வைத்துப் பத்துப் பத்தாக மூன்று முறை உட்கார்ந்து எழுதல், கைமடக்குப் பயிற்சிகள், மணிக்கட்டுப் பயிற்சி, வயிற்றுப் பயிற்சி, கெண்டைக்கால் பயிற்சி என்று எண்ணிக்கையோடு எழுதப்பட்டிருக்கின்றன. இவை உலகை வியக்கவைக்கும் எடைகள் அல்ல. பால் டின்னில் சிமெண்டு ஊற்றி இரும்புக் குழாயில் மாட்டித் தூக்கும் நம் தோட்டத்துப் பையன்கள் இதைவிட அதிகம் தூக்குவார்கள். வேறுபாடு எங்கே என்றால், அவர் ஒவ்வொன்றையும் எழுதினார், அளந்தார், பயன் தராததை விட்டார்.

பளுதூக்கினால் கை தடித்து வேகம் குறையும் என்பது அக்காலத் தற்காப்புக் கலை ஆசான்கள் பலரின் நம்பிக்கை. புரூஸ் லீ அதைச் சோதித்துப் பார்த்தார். தோற்றத்துக்காகப் பெருக்கிய தசையால் பயனில்லை என்பதையும், குத்துக்கு உதவும் தசை வேறு என்பதையும் உணர்ந்தார். குத்தின் வலிமை முன்கையிலும் இடுப்பிலும் வயிற்றிலும் காலிலும் இருக்கிறது. ஆகவே முன்கைக்கும் வயிற்றுக்கும் நாள்தோறும் பயிற்சி செய்தார். முழு உடற்பளுப் பயிற்சியை வாரத்துக்கு மூன்று நாள் என்று குறைத்து, இடையில் தசைகளுக்கு ஓய்வு கொடுத்தார். மூச்சுக்காக ஓட்டம், கயிறு தாண்டுதல், மிதிவண்டி. அவர் உயரம் ஏறத்தாழ 172 சென்டிமீட்டர், எடை 60 முதல் 65 கிலோ. நம் வகுப்பில் பின்வரிசையில் உட்காரும் ஓர் ஒல்லிப் பையனின் அளவுதான்.

காமாவின் தண்டால்

புரூஸ் லீ ஓயாமல் படிப்பவர். அவருடைய நூலகத்தில் இருந்தவற்றுள் இந்திய மல்லர் காமாவின் பயிற்சி பற்றிய கட்டுரைகளும் உண்டு. அவற்றைப் படித்துத் தம் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்.

யார் இந்தக் காமா? பஞ்சாபில் 1878-இல் பிறந்த குலாம் முகமது. நாள்தோறும் ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தவர் என்று புகழ்பெற்றவர். 1910 செப்டம்பரில் லண்டனில் போலந்து மல்லர் ஸ்பிஷ்கோவுடன் ஏறத்தாழ மூன்று மணி நேரம் மோதினார். முடிவு காண முடியவில்லை. மறு மோதலுக்குக் குறித்த நாளில் ஸ்பிஷ்கோ வரவே இல்லை. 1928-இல் பாட்டியாலாவில் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடத்துக்குள் காமா அவரை மண்ணில் சாய்த்தார். காமா 1960-இல் லாகூரில் காலமானார்.

இந்திய தண்டால் என்பது கையை மடக்கி நிமிர்வது மட்டுமன்று. இடுப்பை உயர்த்தி, உடம்பை வில்லாக வளைத்துக் கீழே இறக்கி, நெஞ்சை முன்னே தள்ளி எழுவது. தோள், முதுகு, இடுப்பு, மூச்சு நான்கும் ஒன்றாக உழைக்கும். பஸ்கியோ கால்களுக்கும் மூச்சுக்கும் உரியது. எந்தக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். இவ்விரண்டையும் கர்லாக் கட்டையையும் நம் முன்னோர் தோட்டத்துக்கு வரும்போதே உடன் கொண்டுவந்தார்கள். விடியலில் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, இரண்டு வாளிப் பாலைக் காண்டாக் கம்பில் தூக்கி வந்த பிறகும் மாலையில் தண்டால் எடுத்த தலைமுறை அது. தாத்தா எனக்குச் சொல்லிக்கொடுத்த தண்டால், கலிபோர்னியாவில் ஒரு சீனரின் பயிற்சியில் இருந்தது என்று படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலாது.

தொடர் குத்தின் இலக்கணம்

உடலைத் திருத்திக்கொண்டே கலையையும் திருத்தினார். முகமது அலியின் சண்டைப் படச்சுருள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஜாக் டெம்ப்சியின் குத்துச்சண்டை நூலைப் படித்தார். வாள்வீச்சிலிருந்தும் எடுத்துக்கொண்டார். வாள்வீரர் வாள் பிடித்த கையை முன்னே நீட்டி நிற்பதுபோல, வலக்கைப் பழக்கமுள்ளவர் வலக்கையையே முன்னால் வைக்க வேண்டும் என்றார். 1967-இல் தம் முறைக்கு ஜீத் குன் டோ என்று பெயரிட்டார். வரும் குத்தை இடைமறிக்கும் வழி என்பது அதன் பொருள்.

அவர் வகுத்த ஐந்து தாக்கு முறைகளில் ஒன்று தொடர் தாக்கு. அதன் இலக்கணத்தை நான் புரிந்துகொண்டவாறு சொல்கிறேன்.

முதலாவது, ஒரு குத்து முடியும் நிலையே அடுத்த குத்தின் தொடக்க நிலை. முன்கை நீளும்போது இடுப்பு திரும்பி, பின்தோள் வில்லின் நாண்போல் பின்னே இழுபட்டிருக்கும். அதை விட்டால் போதும், பின்கைக் குத்து தானே புறப்படும். தனியாகக் கை ஓங்கத் தேவையில்லை. இரண்டாவது, மேலும் கீழும் மாறுதல். முகத்துக்கு வரும் குத்தைத் தடுக்கக் கை உயர்ந்தால் விலா திறக்கும். விலாவைக் காக்கக் கை இறங்கினால் முகம் திறக்கும். முதற்குத்து கதவைத் திறக்கும், இரண்டாம் குத்து உள்ளே நுழையும். மூன்றாவது, தாளத்தை உடைத்தல். ஒரே சீராக மூன்று குத்து வந்தால் எதிராளி நான்காவதைக் கணித்துவிடுவான். அரை மாத்திரை நிறுத்தினால் அவன் கணக்குத் தப்பும். நான்காவது, தொடர் முடிந்ததும் கை காப்பு நிலைக்குத் திரும்ப வேண்டும். தொடரின் கடைசி அசைவு குத்தன்று, காப்பு.

இவற்றைக் கண்ணாடி முன் மெதுவாகவும், தொங்கும் மூட்டையில் வலுவாகவும், நகரும் துணைவர் பிடிக்கும் திண்டில் குறிபார்த்தும் பழக வேண்டும். கடைசியாக உண்மையான மோதல். தலைக்கவசமும் கையுறையும் மார்புக் காப்பும் அணிந்து முழு வலுவோடு மோதிப் பழக வேண்டும் என்று அந்நாளிலேயே வற்புறுத்தியவர் அவர். நீச்சலைத் தரையில் கற்க முடியாது என்பது அவருடைய நிலைப்பாடு.

இங்கேதான் எனக்கும் அவருக்கும் ஒரு வழக்கு. மனப்பாடமாகச் செய்யும் வரிசைகளை அவர் பெரிதும் மதிக்கவில்லை. நம் குத்துவரிசையோ பெயரிலேயே வரிசையைக் கொண்டது. தாத்தா வரிசை தப்பினால் முதலிலிருந்து செய்யச் சொல்வார். இருவரில் யார் சரி? வரிசை என்பது அரிச்சுவடி என்று எனக்குத் தோன்றுகிறது. எழுத்துகளை வரிசையாகக் கற்காமல் எழுத வராது. எழுத்துகளை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் கடிதம் எழுத வராது. புரூஸ் லீயும் விங் சுன் அரிச்சுவடியை முறையாகக் கற்ற பிறகே அதைத் தாண்டினார் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

படுக்கையில் எழுதிய ஏடுகள்

1970 ஆகஸ்டில் ஒரு நாள் தம் உடல் எடைக்கு ஏறத்தாழ நிகரான பளுவைத் தோளில் வைத்து இடுப்பை வளைக்கும் பயிற்சியைச் செய்தார். உடலைச் சூடேற்றாமல் தொடங்கியதாகச் சொல்வர். முதுகின் அடிப்பகுதி நரம்பு காயமுற்றது. இனிக் காலால் உதைக்கவே முடியாது என்று மருத்துவர்கள் கூறினர். இரண்டு சிறு பிள்ளைகள், கடன், நின்றுபோன வருமானம். லிண்டா மாலை வேலைக்குப் போக, புரூஸ் லீ பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார்.

கிடந்தபடியே படித்தார், எழுதினார். தாக்கு முறை, காலடி, பயிற்சி, தத்துவம் என்று ஏடு ஏடாக நிரப்பினார். அவர் மறைந்த பின் 1975-இல் வெளிவந்த ஜீத் குன் டோ பற்றிய நூலுக்கு அந்தக் குறிப்புகளே அடிப்படை. பின்னர் மெல்ல எழுந்து மீண்டும் உதைத்தார். ஆனால், முதுகுவலி கடைசிவரை அவரை விடவில்லை. ‘தி பிக் பாஸ்’ முதலான படங்களில் நாம் கண்ட உதைகள் அந்த வலிக்குப் பின் வந்தவை.

கடைசி மூன்று ஆண்டுகள்

1966-67-இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நடித்துப் பெயர் பெற்றிருந்தும், ஹாலிவுட்டில் ஓர் ஆசியருக்குக் கதாநாயகன் வேடம் கிடைக்கவில்லை. 1971-இல் ஹாங்காங் திரும்பி, இரண்டு படங்களுக்கு 15,000 அமெரிக்க டாலர் என்று ஒப்பந்தம் செய்தார். முதற்படமான ‘தி பிக் பாஸ்’ தாய்லாந்தின் பாக் சோங்கில் எடுக்கப்பட்டது. பிழைப்புக்காகக் கடல் கடந்து போய், பனிக்கட்டி ஆலையில் வேலை செய்து, முதலாளியின் கொடுமையைக் கண்டு கொதிக்கும் ஒரு தொழிலாளியின் கதை. நம் தோட்ட மக்கள் சீன மொழி தெரியாமலே அந்தப் படத்தில் ஒன்றியதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

1972-இல் ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி’, ‘வே ஆஃப் தி டிராகன்’ இரண்டும் வந்தன. ஹாலிவுட் நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த ‘என்டர் தி டிராகன்’ வெளிவருமுன், 1973 ஜூலை 20-ஆம் நாள் ஹாங்காங்கில் மூளை வீக்கத்தால் இறந்தார். வயது 32. தலைவலிக்காக உட்கொண்ட மாத்திரை ஒவ்வாததே காரணம் என்று அப்போதைய விசாரணையில் கருதப்பட்டது. வெப்பத் தாக்கு என்று பிற்கால வரலாற்றாசிரியர் ஒருவரும், உடலில் சேர்ந்த மிகுதியான நீரைச் சிறுநீரகம் வெளியேற்ற இயலாமையே காரணமாகலாம் என்று 2022-இல் மருத்துவ ஆய்வாளர்களும் எழுதினர். எது உண்மையாயினும், உடல் தரும் எச்சரிக்கையை வலிமையானவரும் மதிக்க வேண்டும் என்பது அதில் உள்ள பாடம். இறப்பதற்குப் பத்து வாரங்களுக்கு முன், மே 10-ஆம் நாளே அவர் ஒருமுறை மயங்கி விழுந்திருந்தார். அவருடைய உடல் சியாட்டலில் அடக்கம் செய்யப்பட்டது.

நமக்கு என்ன?

அன்பு நண்பர்களே, நெகிரி செம்பிலானில் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. செம்பனையும் பல இடங்களில் சாய்ந்து வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போன குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கொண்டுபோயின. சிலம்பம் பழகிய திடலைக் கொண்டுபோக முடியவில்லை. அந்த வெற்றிடத்தில் பலத்தைத் தேடிய இளைஞர்கள் சிலரைக் குண்டர் கும்பல்கள் இழுத்துக்கொண்டன. இந்தியப் பையன் கையை மடக்கினாலே சந்தேகத்தோடு பார்க்கும் கண்களை நாம் எல்லாரும் சந்தித்திருக்கிறோம். பலத்தை வெறுத்து ஒதுக்குவதால் இந்நிலை மாறாது. பலத்துக்கு ஒழுங்கைக் கற்பிக்கும் இடங்கள் மீண்டும் வர வேண்டும்.

தெருச் சண்டைக்காரராக ஊரைவிட்டு அனுப்பப்பட்ட ஒரு சிறுவனை மாற்றியவை மூன்று. தன் குறையைத் தானே எழுதிப் பார்க்கும் ஏடு, எந்த இனத்தாரிடமும் கற்கும் மனம், கற்றதை எந்த இனத்தாருக்கும் கொடுக்கும் கை. இம்மூன்றுக்கும் பணம் தேவையில்லை. ஒரு பயிற்சிப் புத்தகத்தின் விலை சில ரிங்கிட். தண்டாலுக்கு ஆறடித் தரை போதும். விடுமுறைக்கு வீடு திரும்பும் நாம் ஒவ்வொருவரும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நாலு பையன்களைச் சேர்த்து ஒரு மணி நேரம் பயிற்சி கொடுக்கலாம். தமிழ்ப் பையனோடு பக்கத்து வீட்டு மலாய்ப் பையனும் சீனப் பையனும் வந்து நின்றால் அவர்களுக்கும் தண்டால் சொல்லிக்கொடுப்போம். அது எங்கிருந்து வந்தது, யார் யார் கைமாறியது என்ற கதையையும் சேர்த்துச் சொல்வோம்.